துணை வகுப்பின் 2 மணி நேரத்தைப் பழைய இயற்கணிதத்துக்குத் தாரைவார்க்காதீர்கள்

கலிஃபோர்னியா சமூகக் கல்லூரிகளின் (இரண்டாண்டுப் பட்டம் தரும் அரசுக் கல்லூரிகளின்) கணிதத் துறைத் தலைவர்களுக்கும் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

2017 அக்டோபரில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட ஏபி 705 சட்டம், எந்த வகுப்பில் சேர்ப்பது என்று முடிவுசெய்யும் தேர்வு ஒன்றை மட்டும் வைத்து மாணவர்களை ரெமிடியல் கணித வகுப்புகளில், அதாவது கல்லூரித் தரத்துக்குக் கீழான அடிப்படை வகுப்புகளில், நிறுத்திவைக்கும் வழக்கத்தை முடித்துவைத்தது. 2019 இலையுதிர் பருவத்தில் அது முழு நடைமுறைக்கு வந்தது. 2022இல் வந்த ஏபி 1705 அந்தத் தடையை இன்னும் இறுக்கியது. செவிலியர் படிப்புக்கோ, உளவியலுக்கோ, சமூகவியலுக்கோ போக விரும்பும் மாணவர் இன்று சேர்ந்த முதல் பருவத்திலேயே புள்ளியியல் எடுக்கலாம். தேவைப்பட்டால் அதே பருவத்தில் கூடவே, அடிப்படைக் கணக்குக்கு உதவ ஒரு துணை வகுப்பும் உண்டு.

அந்தச் சட்டங்களைப் பற்றி வாதாட இதை எழுதவில்லை. எங்கள் கவலை அந்தத் துணை வகுப்பைப் பற்றியது. பல இடங்களில் வாரத்துக்கு 2 மணி நேரம் என்று ஒதுக்கப்பட்ட அந்த வகுப்பு, மூடப்பட்ட இடைநிலை இயற்கணிதப் பாடத்தின் சுருக்கமாக மாறிவருகிறது. முதல் வாரம் பின்னம், இரண்டாம் வாரம் காரணிப்படுத்தல், மூன்றாம் வாரம் விகிதமுறு கோவை என்று அது தன் வழியில் போகிறது. பக்கத்து அறையில் அதே மாணவர் தரவின் பரவலைக் காட்டும் பெட்டி வரைபடம் வரையத் தெரியாமல் விழிக்கிறார். இந்த 2 மணி நேரத்தை மீட்டெடுக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

ரெமிடியல் வகுப்புகளைப் படிப்படியாகத் தாண்டிப் புள்ளியியலுக்கு வர வேண்டியிருந்த பழைய ஏணியிலிருந்து தொடங்குவோம். அதன் கணக்கு இன்னும் பலருக்கு மனதில் பதியவில்லை. ஒரு மாணவர் புள்ளியியலுக்கு 3 படி கீழே வைக்கப்பட்டதாகக் கொள்ளுங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் 70 விழுக்காட்டினர் தேறுகிறார்கள், தேறியவர்களில் 85 விழுக்காட்டினர் அடுத்த வகுப்பில் சேர்கிறார்கள் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 100 பேரில் முதல் வகுப்பில் தேறுபவர் 70. அடுத்ததில் சேர்பவர் 59 அல்லது 60, தேறுபவர் 42. மூன்றாவதில் தேறுபவர் 25. கடைசியில் புள்ளியியல் தேறிக் கரைசேர்பவர் 15 பேர்தான். ஒவ்வொரு வகுப்பிலும் கற்பித்தலை மேம்படுத்தித் தேர்ச்சியை 80 விழுக்காடாக உயர்த்தினாலும் 25 பேருக்கு மேல் வரமாட்டார்கள். தேர்ச்சி விகிதங்கள் ஒன்றோடொன்று பெருக்கப்படுவதுதான் இதற்குக் காரணம். இங்கே எந்த ஆசிரியர் மீதும் குற்றமில்லை, படிகளின் எண்ணிக்கைதான் ஆளை விழுங்குகிறது. நேரடியாகப் புள்ளியியலில் சேர்த்து, பாதிப் பேர் மட்டுமே தேறினாலும் அது 50 பேர்.

இதை உணர்ந்து சட்டம் வருவதற்கு வெகு முன்பே செய்துகாட்டியவர்கள் இருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள லாஸ் மெதானோஸ் கல்லூரியில் கணித ஆசிரியர் மைரா ஸ்னெல் 2009இல் தொடங்கிய பாத்2ஸ்டாட்ஸ் வகுப்பு, பல பருவ இயற்கணிதத்தை ஒரே பருவத் தயாரிப்பாக மாற்றியது. அதில் முதல் நாளிலிருந்தே தரவைக் கையாளுவதுதான் பாடம். 2010இல் அவரும் ஆங்கில ஆசிரியர் கேட்டி ஹெர்னும் தொடங்கிய கலிஃபோர்னியா அக்ஸலரேஷன் ப்ராஜெக்ட் இந்த அணுகுமுறையை மற்றக் கல்லூரிகளுக்கு எடுத்துச் சென்றது. கார்னெகி அறக்கட்டளையின் ஸ்டாட்வே என்ற ஓராண்டுப் புள்ளியியல் பாதை 2011இல் வகுப்பறைக்கு வந்தது. அதன் முதல் ஆண்டு மாணவர்களில் 51 விழுக்காட்டினர் ஒரே ஆண்டில் கல்லூரித் தரக் கணிதத்தை முடித்தார்கள். பழைய வழியில் போனவர்களில் 2 ஆண்டு கழிந்தும் முடித்தவர்கள் 15 விழுக்காடுதான்.

இவற்றையெல்லாம்விட உறுதியான சான்று நியூயார்க்கிலிருந்து வந்தது. 2013 இலையுதிர் பருவத்தில் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் 3 சமூகக் கல்லூரிகளில் 907 மாணவர்களைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். எல்லோரும் தொடக்க இயற்கணிதம் தேவை என்று முத்திரை குத்தப்பட்டவர்கள். ஒரு குழுவுக்கு இயற்கணிதம் மட்டும் தரப்பட்டது, தேறியவர்கள் 39 விழுக்காடு. இரண்டாவது குழுவுக்கு இயற்கணிதத்தோடு வாரம் 2 மணி நேரப் பட்டறையும் கிடைத்தது, தேறியவர்கள் 45 விழுக்காடு. மூன்றாவது குழு இயற்கணிதமே இல்லாமல் கல்லூரித் தரப் புள்ளியியலும் பட்டறையும் எடுத்தது, தேறியவர்கள் 56 விழுக்காடு. கடினமானது என்று கருதப்பட்ட பாடத்தில்தான் அதிகம் பேர் தேறினார்கள். 3 ஆண்டு கழித்துப் பட்டம் பெற்றவர்களைப் பார்த்தாலும் முதல் குழுவில் 17 விழுக்காடு, புள்ளியியல் குழுவில் 25 விழுக்காடு.

ஆனாலும் 56 என்பது 100 அல்லவே. ஏபி 705க்காக, உங்கள் கல்லூரிகளை மேற்பார்க்கும் மாநில வேந்தர் அலுவலகம் தந்த வழிகாட்டுதலே இதை ஒப்புக்கொள்கிறது. புள்ளியியலில் உயர்நிலைப் பள்ளி ஜிபிஏ (4 புள்ளி அளவிலான மதிப்பெண் சராசரி) 3.0 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களின் எதிர்பார்க்கும் தேர்ச்சி 75 விழுக்காடு. 2.3 முதல் 2.9 வரை உள்ளவர்களுக்கு 50 விழுக்காடு. 2.3க்குக் கீழே 29 விழுக்காடு. கடைசிப் பிரிவில் 100க்கு 71 பேர் முதல் முயற்சியில் தவறுவார்கள் என்று அர்த்தம். பழைய ஏணியில் இவர்கள் நிலைமை இதைவிட மோசமாக இருந்தது என்பது உண்மைதான், ஆனால் அது நமக்கு ஆறுதல் ஆகாது. துணை வகுப்பு இந்த 71 பேருக்காகத்தான் இருக்கிறது. ஆகவே அதற்குள் என்ன வைக்கிறோம் என்பதில் கறாராக இருக்க வேண்டும்.

புள்ளியியலுக்கு உண்மையில் எவ்வளவு இயற்கணிதம் தேவை? பாடத்திட்டத்தின் கடைசி அலகிலிருந்து பின்னோக்கி நடந்து, ஒவ்வொரு தலைப்பிலும் மாணவர் கையால் செய்யும் கணக்கை எழுதிப் பாருங்கள். பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டாது. பின்னம், தசமம், விழுக்காடு ஆகியவற்றை ஒன்றிலிருந்து ஒன்றாக மாற்றுவது. தசமங்களை ஒப்பிடுவது. எண்கோட்டில் இடம் குறிப்பது, அசமன்பாட்டைப் படிப்பது. செயல்களின் வரிசை. வர்க்கமூலம். ஒரு சூத்திரத்தில் எண்ணைப் பிரதியிட்டு ஒரு மாறியைக் கண்டுபிடிப்பது. நேர்கோட்டின் சாய்வும் வெட்டுத்துண்டும். அவ்வளவுதான். இருபடிக் காரணிப்படுத்தல் இதில் இல்லை. விகிதமுறு கோவைகளும் கலப்பெண்களும் இல்லவே இல்லை.

பட்டியல் சிறியதுதான். ஆனால் அதில் உள்ளவை எளிமையானவை என்று நினைத்துக் கடந்துபோனால் அடி விழும். கண்ட முடிவு தற்செயலாகவே வருவதற்கான வாய்ப்பைச் சொல்லும் பி-மதிப்பு 0.032 என்று வருகிறது, வரம்பு 0.05. கணிசமான மாணவர்கள் 32 பெரியது, 5 சிறியது என்று பார்த்து முடிவைத் தலைகீழாக எழுதுகிறார்கள். கருதுகோள் சோதனையின் தத்துவம் முழுக்கப் புரிந்த மாணவரும் இங்கே தவறுகிறார், மதிப்பெண் பறிபோகிறது, தனக்குப் புள்ளியியலே வராது என்று முடிவுகட்டுகிறார். கால்குலேட்டர் திரையில் 3.2 என்று தொடங்கி ஓரத்தில் ‘ஈ -4’ என்று முடியும் விடையும் இதே வகைதான். அது 0.00032 என்று தெரியாதவர் பி-மதிப்பு 3.2 என்று எழுதிவிடுகிறார். நிகழ்தகவு 1ஐத் தாண்ட முடியாது என்பதும் அந்த நேரத்தில் நினைவுக்கு வராது. இந்த இரண்டையும் சோதனைப் பாடம் தொடங்கும் வாரத்தில், அதற்கு முந்தைய துணை வகுப்பில் 20 நிமிடம் எடுத்துச் சரிசெய்யலாம். முதல் வாரப் பின்னப் பயிற்சித் தாளில் வைத்தால் பத்தாவது வாரத்தில் ஒன்றும் மிஞ்சாது.

ஓர் எண் சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி இருக்கிறது என்று சொல்லும் இசட்-மதிப்பு வரும் வாரத்துக்கு அடைப்புக்குறி வேண்டும். திட்டவிலக்கம் என்பது தரவு சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதன் அளவு. 72லிருந்து சராசரி 65ஐக் கழித்துத் திட்டவிலக்கம் 4ஆல் வகுக்க வேண்டும், விடை 1.75. அடைப்புக்குறி இல்லாமல் தட்டினால் 55.75 வருகிறது. திட்டவிலக்கங்களின் எண்ணிக்கையில் 55 என்பது அபத்தம் என்று மாணவருக்கே உறைக்க வேண்டும். அந்த உணர்வைத்தான் துணை வகுப்பு வளர்க்க வேண்டும், செயல்களின் வரிசைக்கான நினைவுச் சூத்திரத்தை அல்ல.

விகித மதிப்பீடு வரும் வாரத்துக்கு வர்க்கமூலம். 150 பேரிடம் கேட்டதில் 40 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள் என்றால், 0.4ஐ 0.6ஆல் பெருக்கி 150ஆல் வகுத்து மூலம் எடுக்க 0.04 வருகிறது, இதுதான் திட்டப்பிழை. 1.96ஆல் பெருக்க ஏறக்குறைய 0.08. நம்பிக்கை இடைவெளி 32 முதல் 48 விழுக்காடு வரை. இப்போது 150ஐ 600 ஆக்குங்கள், திட்டப்பிழை 0.02 ஆகிறது. கேட்கப்பட்டவர்கள் நான்கு மடங்கானாலும் பிழை பாதிதான் குறைந்தது, ஏன் என்று கேளுங்கள். வர்க்கமூலம் ஒரு பொருளோடு மனதில் உட்காருவது இந்த இடத்தில்தான். மூலக்குறிக்குள் இருக்கும் 72ஐச் சுருக்கச் சொல்லும் 30 கணக்குகளால் இது நடக்காது.

சாய்வும் அப்படியே. படிப்பு நேரத்தை வைத்து மதிப்பெண்ணைக் கணிக்கும் தொடர்புப்போக்குக் கோட்டின் சாய்வு 2.5 என்றால், வாரத்தில் ஒரு மணி நேரம் கூடுதலாகப் படித்தவர்களின் மதிப்பெண் சராசரியாக 2.5 கூடியிருந்தது என்று வாக்கியமாக எழுதப் பழக்குங்கள். எழுதும்போதுதான் அலகு தவறுவதும், படித்ததால் கூடியது என்று காரணம் கற்பிப்பதும் வெளியே வரும்.

முதன்மை வகுப்பின் வரிசையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது, துணை வகுப்பு தனியாக எதையும் சாதிக்காது. வழக்கமான பாடநூல் வரிசையில் விவரிப்பு, நிகழ்தகவு, ஈருறுப்புப் பரவல், இயல்நிலைப் பரவல், கூறெடுப்புப் பரவல் எல்லாம் முடிந்து, சிலரின் தரவிலிருந்து எல்லோரையும் பற்றி முடிவு சொல்லும் அனுமானத்துக்கு வருவதற்குள் 16 வாரப் பருவத்தில் பாதிக்கு மேல் போய்விடும். மிகக் கடினமான கருத்தை மாணவர் முதன்முதலாகச் சந்திப்பது களைத்துப்போன பத்தாவது வாரத்தில். கை-வர்க்கச் சோதனையும் (கை என்பது கிரேக்க எழுத்து) பல குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் அனோவாவும் கடைசி இரண்டு வாரங்களில் ஓட்டமாக ஓடும். 2025 இலையுதிர் பருவத்திலிருந்து எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவான ஸ்டாட் சி1000 என்ற எண்ணில் வரும் புள்ளியியல் பாடத்தின் உள்ளடக்கம் உங்கள் கையில் இல்லை. வரிசையும் அழுத்தமும் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கின்றன.

இரண்டாம் வாரத்திலேயே அனுமானத்தைத் தொடலாம். அதற்கு ஒரு சீட்டுக்கட்டு போதும். 20 நோயாளிகள், 10 பேருக்குப் புது மருந்து, 10 பேருக்குப் பழையது. புது மருந்தில் 8 பேரும் பழையதில் 4 பேரும் குணமடைந்தார்கள். மருந்தா, தற்செயலா? குணமடைந்தவர்களுக்கு 12 சிவப்புச் சீட்டு, மற்றவர்களுக்கு 8 கறுப்புச் சீட்டு எடுத்துக் கலைத்து, பத்துப் பத்தாகப் பிரித்து, முதல் குவியலில் எத்தனை சிவப்பு என்று எண்ணச் சொல்லுங்கள். 30 பேர் வகுப்பில் 15 இணைகள், இணைக்கு 10 முறை, மொத்தம் 150 புள்ளிகள் கரும்பலகையில் ஏறும். எட்டோ அதற்கு மேலோ வருவது ஏறக்குறைய 13 முறை, அதாவது நூற்றுக்கு 8 அல்லது 9. துல்லியக் கணக்குப்படி 0.085. தற்செயலாகவே இப்படி நடக்க வாய்ப்பிருக்கிறது, இந்தத் தரவு மட்டும் போதாது என்று மாணவர்களே சொல்வார்கள். பி-மதிப்பு என்ற சொல்லைக் கேட்பதற்கு முன்பே அதன் பொருள் கைக்கு வந்துவிடுகிறது. பிறகு ஸ்டாட்கீ போன்ற இலவச இணையக் கருவியில் அதையே ஆயிரம் முறை ஓட்டிக் காட்டலாம். சீட்டைக் கையால் கலைக்காமல் நேரே கருவிக்குப் போகாதீர்கள். திரையில் குவியும் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு கலைப்பு என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

இதற்கு நேரம் எங்கே என்று கேட்பீர்கள். வரிசைமாற்றம், சேர்மானம் ஆகியவற்றுக்குச் செலவிடும் வகுப்புகளை விட்டுவிடுங்கள். ஈருறுப்பு நிகழ்தகவை மென்பொருள் தருகிறது. திட்டவிலக்கத்தைக் கையால் கணக்கிடுவது ஐந்து எண்களுக்கு ஒரே ஒரு முறை போதும். இயல்நிலை அட்டவணையைப் புரட்டும் பயிற்சி முழுவதும் போகலாம்.

கருவி எதுவானாலும் ஒன்றாக இருக்கட்டும். முதன்மை வகுப்பில் டிஐ-84 கால்குலேட்டர், துணை வகுப்பில் எக்ஸெல், வீட்டுப்பாடத்துக்கு மூன்றாவதாக ஒரு தளம் என்றால், தடுமாறும் மாணவர் புள்ளியியலுக்குப் பதிலாகப் பொத்தான்களைக் கற்றுக்கொண்டிருப்பார். எந்தக் கருவியிலும் நடக்கும் ஒரு பிழையை முன்கூட்டியே எதிர்பாருங்கள். 36 பேரின் சராசரியைப் பற்றிய கேள்வியில் திட்டவிலக்கம் 12ஐயே உள்ளிடுவார்கள், 12ஐ 36இன் வர்க்கமூலமான 6ஆல் வகுத்த 2ஐ அல்ல. கருவி குறை சொல்லாமல் விடை தந்துவிடும்.

அட்டவணையைப் பற்றி. துணை வகுப்பு முதன்மை வகுப்புக்கு முன்னால் வர வேண்டும், அதே நாளில், அதே அறையில், அதே ஆசிரியரோடு. பின்னால் வைத்தால் வேலைக்கு ஓடுபவர்களும் குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைக்கப் போகிறவர்களும் அதைத்தான் முதலில் கைவிடுவார்கள். முன்னால் வந்தால் அன்றைய பாடத்துக்கான தயாரிப்பு ஆகிறது. முதன்மை வகுப்பில் இந்த மாணவர்களே முதலில் கை தூக்குவார்கள். வேறு ஆசிரியர் துணை வகுப்பை எடுத்தால் மாணவர் நிலை ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்தான். குறியீடு மாறும், சொல் மாறும், எந்த வாரம் எந்தத் தலைப்பு என்பதே ஒத்துவராது. இரண்டு ஆசிரியர்களைத் தவிர்க்கவே முடியாவிட்டால், வாரம் ஒரு மணி நேரம் அவர்கள் சந்தித்துப் பேச ஊதியம் கொடுங்கள். பகுதிநேர ஆசிரியரிடம் அதை இலவசமாக எதிர்பார்க்காதீர்கள்.

வாரத்தின் 2 மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். வரப்போகும் பாடத்துக்கான கணக்குத் தேவைக்கு 20 நிமிடம். உண்மைத் தரவு ஒன்றை மூவர் குழுவாக ஆராய்ந்து நான்கைந்து வாக்கியம் எழுதுவதற்கு 55 நிமிடம். போன வாரச் சிறுதேர்வில் தவறிய கேள்விகளைத் திருத்தி எழுதி, தவறு எங்கே நுழைந்தது என்று விளக்குவதற்கு 35 நிமிடம். மீதி 10 நிமிடம் அடுத்த வாரத் திட்டத்துக்கு: எப்போது படிப்பேன், யாரைக் கேட்பேன். திருத்தும் பகுதியை மட்டும் எக்காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள். அதிகம் பயன் தருவது அதுதான். நேரம் போதாதபோது முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

துணை வகுப்புக்குத் தனியாக வீட்டுப்பாடம் வேண்டாம். தரம், தேறினார் அல்லது தேறவில்லை என்ற அளவில் இருக்கட்டும். ஒரு பாட அலகுக்கு (யூனிட்) 46 டாலர் கட்டணத்தில் 2 அலகு என்றால் 92 டாலர். கட்டண விலக்கு கிடைக்காதவருக்கு இது சின்னத் தொகையல்ல. கட்டணமில்லாத அலகற்ற வகுப்பாக வைக்கலாம், ஆனால் அந்த நேரம் நிதியுதவிக்கான படிப்புச் சுமையில் சேராது. இரண்டு வடிவங்களையும் வைத்து, எது யாருக்குப் பொருந்தும் என்று நிதியுதவி அலுவலகத்தோடு கலந்து முடிவு செய்யுங்கள்.

ஆலோசகர்களுக்கு ஒரே ஒரு கேள்வியைக் கட்டாயமாக்குங்கள்: எந்தப் பட்டத்தை நோக்கிப் போகிறீர்கள்? பொறியியல், இயற்பியல், கணினி அறிவியல் என்றால் நுண்கணிதம் வேண்டும், புள்ளியியல் பாதை அவர்களை அங்கே கொண்டுசேர்க்காது. இன்னும் முடிவு செய்யாதவரிடம் இதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். எளிய வழி என்று சொல்லி அனுப்பிவிட்டு, இரண்டு ஆண்டு கழித்துக் கதவு மூடியிருப்பதைக் காட்டக் கூடாது.

தவறுபவரைக் கண்டுபிடிக்க நடுப்பருவத் தேர்வு வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். ஒரு பாடத்தை எத்தனை முறை எடுக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு, பாதியில் விலகியதாகப் பதிவானாலும் அது ஒரு முயற்சிதான். மூன்றாம் வார முடிவில் இரண்டு வீட்டுப்பாடம் தராதவர், இரண்டு துணை வகுப்புக்கு வராதவர், முதல் சிறுதேர்வில் பாதிக்குக் கீழே எடுத்தவர் என்று மூன்று பட்டியல் எடுங்கள். ஏதேனும் இரண்டில் பெயர் இருந்தால் அந்த வாரமே ஆசிரியர் நேரில் பேச வேண்டும். தானியங்கி மின்னஞ்சல் போதாது. பேசிப் பார்த்தால் பாதிப் பிரச்சினை கணக்காக இருக்காது, வேலை நேரம் மாறியதும் மடிக்கணினி பழுதானதுமாக இருக்கும்.

கடைசியாக, எண்ணும் முறை. வகுப்பில் தேர்ச்சி 70லிருந்து 55க்கு இறங்கிவிட்டது என்று துறைக் கூட்டங்களில் வருந்துவதைக் கேட்கிறோம். அந்த 70, மூன்று வகுப்புகளைத் தாண்டி மிஞ்சி வந்தவர்களில் 70. வழியில் காணாமல் போனவர்கள் அந்தக் கணக்கின் பகுதியில் இல்லை. கல்லூரியில் சேர்ந்த அத்தனை பேரையும் பகுதியில் வையுங்கள், ஓராண்டுக்குள் புள்ளியியல் முடித்தவர்களைத் தொகுதியில் வையுங்கள், விலகியவர்களை விட்டுவிடாதீர்கள். அதையே மேலே சொன்ன மூன்று ஜிபிஏ பிரிவுகளுக்கும், முழுநேர, பகுதிநேர மாணவர்களுக்கும் தனித்தனியாக எடுங்கள். துணை வகுப்பு எடுத்தவர், எடுக்காதவர் என்பதையும் பிரியுங்கள். ஆனால் எடுக்காதவர்கள் பெரும்பாலும் முன்பே வலுவானவர்கள், ஆகவே ஒரே ஜிபிஏ பிரிவுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள்.

வரும் பருவத்துக்கான அட்டவணை முடிவாகும் முன் உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறோம். ஒவ்வொரு துணை வகுப்பின் 16 வாரத் திட்டத்தையும் முதன்மை வகுப்பின் திட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அந்த வாரப் புள்ளியியலுக்கு உதவாத இயற்கணிதத் தலைப்பு எதுவானாலும் அடித்துவிடுங்கள். இரண்டு வகுப்புகளையும் ஒரே ஆசிரியர் பெயரில் அடுத்தடுத்த மணியில் போடுங்கள். 2.3க்குக் கீழே உள்ள மாணவர்களின் எண்ணிக்கையையும் தேர்ச்சியையும் பருவந்தோறும் துறைக்குள் வெளிப்படையாக வையுங்கள். அந்த 29 விழுக்காடு எந்தப் பருவத்தில் நகர்ந்தது, எந்த வகுப்பில் நகர்ந்தது என்று பார்த்து, அந்த வகுப்பின் ஆசிரியரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் துணை வகுப்பில் என்ன செய்தார் என்று கேளுங்கள்.

அன்புடன்,
புள்ளியியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்